மஹ்மூதின் இரண்டு விளக்குகள்

முசலிப் பக்கத்தில் உழவு மிசின் ஓட்டிய மஹ்மூதுக்குக் கை சும்மா இருக்காது. நிக்காஹ் முடிந்த மறுநாளே மாமனார் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தவர். அது பிறகு ஓடவேயில்லை. மாமனார் பெருந்தன்மையான மனிதர், மகளைத் திருப்பிக் கேட்கவில்லை.

1946இல், யுத்தம் முடிந்து ஆமிக்காரர் விட்டுப்போன லொறியிலிருந்து ஒரு பற்றரியையும் இரண்டு விளக்குகளையும் கழற்றினார். இந்த முறை காரணம் இருந்தது. பக்கத்து வீட்டு உம்மு ஸல்மா கணவனை இழந்தவர். கடற்கரை மணல்மேட்டுக்கு இப்பால் அவருக்கு ஒரு குத்தகைக் காணி. போன வருடம் அது தரிசாகக் கிடந்தது. இந்த மழைக்கும் விதைக்காவிட்டால் காணியை எடுத்துவிடுவோம் என்று காணிக்காரரின் கணக்கப்பிள்ளை சொல்லிப் போயிருந்தார். புழுதியிலேயே உழுது விதைக்க வேண்டும்; மழை விழுந்தால் மிசின் புதையும். பகல் முழுவதும் மிசின் அதன் முதலாளியின் வயல்களில் ஓடும். மிச்சம் இரவுதான்.

"மிசினுக்கு வெளிச்சம் பூட்டிக்கொண்டு வாறன் ராத்தா. விதையை எடுத்து வையுங்கோ," என்றார் மஹ்மூது.

ஒரு விளக்கை முன்னுக்கும் மற்றதைக் கலப்பையைப் பார்த்துப் பின்னுக்கும் பூட்டினார். வானம் கறுத்துக் கிடந்த ஓர் இரவில் உழத் தொடங்கினார். பின்விளக்கில் உழவுசால் அத்தனை நேராகத் தெரிந்தது. தன் கெட்டித்தனத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டியவர், பாதிக் காணியில், முன்பு தண்ணீர் அள்ளிய, இப்போது மணல் மூடிப்போன பூவல் கிணற்றுக்குள் மிசினின் பின்சில்லை இறக்கிவிட்டார். முறுக்க முறுக்கச் சில்லு சுழன்று ஆழப் போனது. வரப்பில் நின்ற உம்மு ஸல்மா இறங்கி வந்து, சில்லடி மண்ணைக் கையால் தோண்டத் தொடங்கினார். அதுதான் மஹ்மூதுக்குத் தாங்கவில்லை.

அப்போது மணல்மேட்டில் கூச்சல் கேட்டது. கரைவலைக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. இரவில் மீன்கூட்டம் கரையை அண்டினால், கண்டவன் விளக்கோடு முன்னும் பின்னும் நடப்பான். வாடிக் குடிசையில் படுத்திருப்பவர்கள் கயிறோடு ஓடி வருவார்கள். இந்த வெளிச்சமும் அப்படித்தானே போய் வந்தது! கடல் எந்தப் பக்கம் என்று அரைத்தூக்கத்தில் யார் பார்த்தார்கள்? வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பஸ்ரியனும் அவருடைய ஆட்கள் முப்பது பேரும் தோளில் கயிறோடு காய்ந்த வயலில் வந்து நின்றார்கள்.

"மீன் எங்கயடா?" என்றார் பஸ்ரியன், மூச்சிரைக்க.

"மீன் இல்லை அண்ணை. இதைத்தான் இழுக்கவேணும்," என்று மஹ்மூது சில்லைக் காட்டினார்.

பஸ்ரியன் விளக்கைப் பார்த்தார், மிசினைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டோடு இழுத்தார்கள். நாலாவது இழுவையில் மிசின் மேலே வந்தது.

"கயிறு பிடிச்சவனுக்குப் பங்கு இருக்கு, தெரியுந்தானே?" என்றார் பஸ்ரியன்.

"ஓம், அறுவடைக்கு வாங்கோ. முப்பது பேருக்கும் புது அரிசிச் சோறு!" என்றார் உம்மு ஸல்மா.

அதன் பிறகு யாரும் வாடிக்குப் போகவில்லை. மஹ்மூது மிச்சக் காணியை உழ, வலை வீசுவதுபோல விதையை அள்ளி வீசினார்கள். உம்மு ஸல்மா பின்னாலேயே போய்த் திட்டித் திருத்தினார். விதையை மண்ணுக்குள் மூடும் கடைசி உழவு முடியவும் விடியவும் சரியாக இருந்தது. மிசின் வரப்பேற, மழை கொட்டியது. மஹ்மூது சந்தோஷம் தாங்காமல் ஹோர்னை அடித்துக்கொண்டே இருந்தார்.

காணியை எடுக்கக் கணக்கப்பிள்ளை குடையோடு வந்தார். உழுத நிலத்தைப் பார்த்தார், சேற்றில் சிரித்துக்கொண்டு நின்ற முப்பது பேரைப் பார்த்தார், வந்த வழியே திரும்பினார்.

"நில்லுங்கோ," என்று கூப்பிட்டார் உம்மு ஸல்மா. "என்ர வயலுக்கு வந்தனீங்கள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."