அக்காவுடன் தட்டாத கை

அக்காவின் கருமக்கிரியைக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதித் தருகிறேன். ஆறாம் வகுப்புப் படிப்புதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மலாயாவில் பத்தாங் காலி பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லய வீட்டில் பிறந்தார். வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது அவருக்கு எட்டு வயது. நான் தொட்டில் குழந்தை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. தோட்ட வாசலில் போலீஸ் சோதனை நடக்கும்.

"பத்து மணிக்கெல்லாம் பசியில கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை அக்கா கேட்டிருக்கிறார். மறுநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு சோற்று உருண்டையை இலையில் சுற்றி அப்பாவின் பால் வாளிக்குள் வைத்துவிட்டார். வாசலில் அது அகப்பட்டது. யார் வைத்தது என்று அப்பாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். "நான்தாங்க வச்சேன்" என்று சொல்லிவிட்டார். அங்கிருந்தே அப்பாவை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பல மாதம் காவலில் இருந்துவிட்டு அப்பா இருமலோடு திரும்பி வந்தார். அக்காவைப் பார்த்து, "வச்சதுதான் வச்ச, ஒரு கருவாட்டுத் துண்டும் சேத்து வைக்கக் கூடாதா புள்ள?" என்று சிரித்தாராம். அக்கா சிரிக்கவில்லை. வருஷம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காவும் நானும் இதைப் பேசிக்கொண்டதே இல்லை.

பிறகு கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தோம். அக்கா சின்ன வயதிலேயே பால்மரம் வெட்டப் போனார். பின்னால் ஆயாக் கொட்டகையில், வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அவர் கையால் சோறு தின்னாத பிள்ளை அந்தத் தோட்டத்தில் இல்லை. எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். தனக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, ஒரு ஞாயிறு பகலில் தொலைக்காட்சியில் ஒரு வங்காளப் படம் போட்டார்கள். பாட்டு வராத இரண்டு பேருக்குப் பேய்களின் ராஜா வரம் கொடுக்கிறார். இருவரும் கையோடு கை தட்டினால் கேட்ட சாப்பாடு வரும். பாஷை புரியாவிட்டாலும் பிள்ளைகள் குதித்தார்கள்.

"பெரியம்மா, நாம தட்டுனா ஐஸ் கச்சாங் வருமா?"

"உன் மூஞ்சிக்குப் பேய்தான்டா வரும்!"

படத்தின் கடைசியில், சண்டைக்கு நிற்கும் பட்டினிச் சிப்பாய்களுக்கு வானத்திலிருந்து பானை பானையாக இனிப்பு இறங்கியது. ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அள்ளித் தின்றார்கள். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"பாப்பா, எங்கூட ஒரு வாட்டி கை தட்டேன்."

"எதுக்குக்கா?"

"அப்பாவுக்கு ஒரு தட்டு சோறு கேப்போம்."

"போக்கா, புள்ளைங்க பாக்குதுங்க லா" என்று சொல்லிவிட்டேன். அக்கா தன் இரண்டு கையையும் ஒரு முறை தட்டிப் பார்த்தார். "ஒத்த ஆளு தட்டுனா வராதுல்ல" என்று சிரித்துவிட்டு அரிசி களையப் போனார். அதன் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை.

கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாயில் பால்தான். ஊருக்கே சோறு ஊட்டியவர் வாயில் ஒரு பருக்கை வைக்க முடியவில்லை. ஒருநாள் அவர் கையை எடுத்து என் கையோடு தட்டினேன். "அக்கா, அப்பாவுக்குச் சோறு கேட்டிருக்கேன்" என்றேன். கண் திறக்கவில்லை. காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வரக் கார் கொடுத்த பாசிர் பெனம்பாங் மீன்கடைக்காரருக்கும், முறை வைத்துக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளுக்கும், இன்று சமைத்துப் போடும் அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படையலில் அக்காவின் இலைக்குப் பக்கத்தில் அப்பாவுக்கும் ஓர் இலை உண்டு.

யாரும் சாப்பிடாமல் போகாதீர்கள். வேலைக்குத் திரும்புகிறவர்கள் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். இப்போது வாசலில் யாரும் திறந்து பார்ப்பதில்லை.