தகட்டில் இல்லாத பல்

ஐந்து வயது மகளின் கடைவாய்ப் பல்லில் குழி விழுந்து கன்னம் வீங்கிவிட்டது. "பால் பல்லுதான். ஆனா தானா விழ இன்னும் அஞ்சாறு வருஷமாவது ஆகும். வேர் சிகிச்சை பண்ணி கேப் போட்டுடலாம். சீழ் ஜாஸ்தியா இருந்தா எடுத்துடணும்" என்றார் பல் மருத்துவர். தலையாட்டினேன். வீட்டில் கணவர், "விழப்போற பல்லுக்கு இன்னாத்துக்கு கேப்பு? பிடுங்கிடச் சொல்லு" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

பிடுங்கினால் பின்னால் முளைக்கும் பற்கள் கோணலாகுமாம். பிடுங்காவிட்டால் குழந்தையின் பல்லை வேர்வரை குடைவார்களாம். ஒரு முடிவுக்கும் வர முடியாமல், பல்லைக் காப்பாற்றிக் கொடு என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு, வெள்ளித் தகடு வாங்கக் கடைக்குப் போனேன். நோய் கண்ட உறுப்பைத் தகடாக வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். குணமான பிறகுதான் போடுவார்கள். நான் முன்னாலேயே போட்டுவிட நினைத்தேன். அவசரம் சாமிக்குப் புரிய வேண்டுமே.

கடைக்காரர் டப்பாவைக் கிளறினார். "பல்லு தனியா வராதும்மா. கண்ணு கீது, கை கால் கீது. முகம் எடுத்துக்கோ. பல்லு உள்ளதானே இருக்கும்?"

"வாய் மூடியிருக்குதேங்க."

"சாமிக்குத் தெரியாதா?"

"எந்தப் பல்லுன்னு எப்படிங்க தெரியும்?"

என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆணி ஒன்றை எடுத்தார். "எந்தப் பக்கம் சொல்லு, புள்ளி வெச்சுத் தர்றேன்."

"இடது. பாப்பாவுக்கு இடது. எதிர்ல நின்னு பார்த்தா வலது."

"சாமி எங்கிருந்து பார்க்கும்?"

இரண்டு கன்னத்திலும் வைக்கச் சொல்லி வாங்கிப்போய் உண்டியலில் போட்டேன்.

மறுநாள் பல் மருத்துவர் ஊசி போட்டபோது மகள் ஒரு முறை முனகினாள், அவ்வளவுதான். நான்தான் நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. "அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்ற மருத்துவர், வெகுநேரம் குடைந்துவிட்டு நிமிர்ந்தார். "சீழ் கம்மிதான். பல்லு நிக்கும்."

அடுத்த வாரம் கேப் பொருத்தினார்கள். கணவர் மாடி வீட்டுக்காரரிடம், "பிடுங்கவே கூடாதுன்னு நான்தான் சொன்னேங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. உள்ளே மகள் கேப் போட்ட பக்கத்தில் முறுக்கை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"கொஞ்சங்கூட?"

"நீ போய் வேற வேலையைப் பாரும்மா" என்றாள், அடுத்த முறுக்கை எடுத்துக்கொண்டே.