மங்கையற்கரசி சொன்னது

வயது ஐம்பத்துமூன்று. நீரிழிவுக்கு வயது இருபத்தொன்று. கிளினிக் கொப்பியை டொக்டர் மூடி நீட்டினாலும் மங்கையற்கரசி கதிரையை விட்டு எழும்புவதில்லை.

"வாசிங்க டொக்டர், கேப்பம்."

டொக்டர் நஸ்ஹா எழுதியதைத் தமிழில் சொல்லியாக வேண்டும். சுருக்கிச் சொன்னால் அந்த வரியின் மேல் விரலை ஓட்டுவார். "இவ்வளவு நீட்டுக்கு எழுதிப்போட்டு இவ்வளவுதானா?" போன மாதம், மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை என்று ஒரு வரி இருந்தது. அது பொய்யில்லை. "குளிசை முடிஞ்சி போச்செண்டு நீங்கதானே வெறுங்கையோட அனுப்பின. அதையும் எழுதுங்க" என்றார். எழுதிய பிறகுதான் எழும்பினார்.

வெளியே வாங்கில் குந்தி முறைக்குக் காத்திருப்பவர்களுக்கு எரிச்சல். "உள்ள போயிட்டா இன்ஸ்பெக்டர். நமக்கு இனி அந்திக்குத்தான்கா சோறு" என்று ஒருத்தி தொடங்க, வாங்கு முழுதும் சிரிக்கும். மாங்கேணியிலிருந்து கருவாடு கொண்டுவந்து சந்தையில் விற்கிறவர் அவர். இதைவிடக் காரமான பேச்செல்லாம் கேட்டாயிற்று.

மூன்று வருடங்களுக்கு முன்பு இந்தப் பழக்கம் இல்லை. அப்போது கணவர் தவராசா, காலில் மட்டி ஓடு வெட்டிய புண்ணோடு வேறொரு வைத்தியசாலையில் கிடந்தார். ஒரு பின்னேரம், காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், கையெழுத்து வையுங்கள் என்றார்கள். மூத்தவருக்குத் தெரியாமல் ஒரு கிணறுகூட வெட்டாத குடும்பம் அது. தம்பியின் காலை எப்படி வெட்டக் கொடுப்பது? மூத்தவர் நல்லரத்தினம் போன் எடுபடாத கடலில் இருந்தார். அவர் வரட்டும் என்றார் மங்கையற்கரசி. விடிய அவர் வந்தார், கையெழுத்தும் வைத்தார். அதற்குள் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது.

மரண விசாரணையில் தவராசாவின் வைத்தியசாலைத் தாளை வாசித்தார்கள். சத்திரசிகிச்சைக்கு மனைவி மறுத்துவிட்டார் என்றிருந்தது. நல்லரத்தினம் பக்கத்தில் நின்று கேட்டார்.

"உன்ர வாயால வேணாமெண்டு சொல்லிப்போட்டு, என்னை என்னத்துக்குக் கூப்பிட்ட?"

அவ்வளவுதான் கேட்டார். முப்பத்தோராம் நாள் கிரியைக்கும் வரவில்லை. அதன் பிறகு தம்பி வீட்டுப் படலையை அவர் திறக்கவேயில்லை.

"நான் வேணாமெண்டு சொல்லல்ல. அவர் வரட்டும் எண்டுதான் சொன்னன்." இதைச் சொல்லிக்கொண்டு மங்கையற்கரசி அந்த வைத்தியசாலையின் பதிவறைக்கு நடையாய் நடந்தார். எழுதிய டொக்டர் வெளிநாடு போய்விட்டார், வேறு யாரும் அந்த வரியில் கைவைக்க முடியாது என்றார்கள். செத்தவருடைய தாள்தானே அம்மா, விடுங்கள் என்றார் ஒரு கிளார்க். "செத்தது அவர். எழுதிக் கிடக்கிறது என்னையெல்லோ" என்று சொல்லிவிட்டு வந்தவர், பிறகு அங்கே போகவில்லை.

இந்தச் செவ்வாய், அவருடைய வலது காலின் இரண்டாவது விரல் கறுத்துப்போயிருந்தது. விரலை எடுத்துவிட வேண்டும், பிந்தினால் பாதமே போகும் என்றார் டொக்டர் நஸ்ஹா. கூட வந்த மகள் விதுர்ஷா போனை எடுத்தாள்.

"பெரியப்பாட்ட ஒரு சொல்லுக் கேப்பம் அம்மா. கேக்காட்டி இதுக்கும் கதை வரும்."

"வைய்யிடி போன."

மங்கையற்கரசி டொக்டரின் பக்கம் திரும்பினார்.

"எடுங்க. நான் ஓமெண்டு சொன்னதெண்டு எழுதுங்க. கேட்ட உடன சொன்னதெண்டும் எழுதுங்க."

டொக்டர் எழுதினார். கேட்காமலே வாசித்தும் காட்டினார். நோயாளி சம்மதித்தார் என்று மட்டும்தான் இருந்தது. மங்கையற்கரசி கொப்பியைத் திருப்பி டொக்டரிடமே தள்ளினார். 'கேட்ட உடனே' என்பதும் ஏறியது. அதன் பிறகு பேனாவை வாங்கித் தன் பெயரை முழுதாக எழுதினார்.

வெளியே வந்ததும் கொப்பியை மடியில் விரித்து, அந்த வரிக்குக் கீழே விரலை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப எடு போன. இத ஒரு படம் பிடிச்சி உன்ர பெரியப்பாக்கு அனுப்பு."

வியாழக்கிழமை காலை விரலை எடுக்கிறார்கள்.