மண்டியில் கேட்ட சிரிப்பு

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் படிக்கும்படி எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பாலக்கோடு பஸ்ஸில் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த ஒரு கையை நினைத்தால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் கை அது. கணவர் இறந்த பிறகு நான் வெளியே போவதையே விட்டிருந்தேன். கூட்டத்தைக் கண்டால் நெஞ்சு படபடக்கும், மூச்சு அடைக்கும். ஆடுகளோடு மட்டும் பேசிக்கொண்டு கிடந்த என்னைத் தக்காளி மண்டியில் பழம் பிரிக்கும் வேலைக்கு இழுத்துப்போனவர் அவர்தான். "நான் இருக்கேன் இல்ல, ஏறு புள்ள" என்பார். ஜன்னலோரம் உட்காரவைத்து, இறங்கும்வரை மணிக்கட்டை விடமாட்டார். நெரிசல் கூடும்போது கண்ணை மூடி, என் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மனதுக்குள் கூப்பிடுவேன், பயம் கொஞ்சம் அடங்கும் என்று அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. "செவலையையும் சேத்துக் கூப்புடு, அது கோவிச்சுக்கும்" என்றார். வெகு காலத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

மண்டியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பழம் பிரிப்போம். டீ வந்ததும் ஒருத்தி யாரையாவது போல நடித்துக் காட்ட வேண்டும். ஏலம் விடுகிறவர், கண்டக்டர், மாமியார் என்று யாரும் தப்ப முடியாது. எங்கள் வரிசையில் இருப்பவளைப் போல மட்டும் நடிக்கக் கூடாது. யாரும் சொல்லி வைக்காத வழக்கம் அது.

ஒருநாள் கை கழுவிவிட்டுத் திரும்பும்போது, அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு கேட்டது. எட்டிப் பார்த்தேன். அக்கா கண்ணை இறுக மூடி, இல்லாத ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளச்சி... கருப்பி... செவலை..."

"அப்புடியே அவளாட்டமே இருக்குதுக்கா" என்றாள் ஒருத்தி.

"கண்டக்டரு ஆட்டுக்கும் டிக்கெட் போடுவானா?" என்றாள் இன்னொருத்தி.

என்னைப் பார்த்ததும் எல்லோரும் குனிந்து பழத்தைப் புரட்டினார்கள். அக்கா மட்டும், "டீ ஆறுது, வா புள்ள. சும்மா வெளையாட்டுக்குத்தான்" என்றார். அவர்கள் சிரித்தது அவ்வளவாக வலிக்கவில்லை. நான் நம்பிச் சொன்ன ஒரே ஆள் அதை டீக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்துவிட்டாரே என்பதுதான் வலித்தது.

அன்று மாலையும் அவரோடுதான் திரும்பினேன். தனியாக ஏறத் தைரியம் இல்லை. வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்தார். உதறவும் முடியவில்லை. இன்று பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறோம், விசேஷங்களுக்குப் போய் வருகிறோம். என்னை வெளியே கொண்டுவந்தவர் அவர் என்பதை மறக்கவில்லை. அந்த மாலைப் பயணம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

அந்த மாலைக்கு மறுநாள், அவர் கதவைத் திறக்கும் முன்பே நான் நிறுத்தத்துக்குப் போனேன். பஸ் நிறைந்து வந்தது. பாலக்கோடு வரை நின்றுகொண்டே போனேன்.