கேப்டன் கயிறு பிடித்த திங்கட்கிழமை

அரசாங்கப் படகுத்துறையில் அவரை வேலைக்கு எடுத்தது கயிறு கட்டுவதற்கு. படகு கரை சேரும்போது கயிற்றைத் தூணில் கட்ட வேண்டும், கிளம்பும்போது அவிழ்க்க வேண்டும். பழைய ஓட்டுநர் ஓய்வு பெற்றதும், இவரிடம் உரிமம் இருப்பதைத் தெரிந்துகொண்ட துறை மேலாளர், புது ஆள் வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னார். புது ஆள் வரவேயில்லை. வருஷங்கள் ஓடின. கயிற்றை டிக்கெட் கிழிப்பவர் பார்த்துக்கொண்டார். பயணிகள் இவரைக் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். சம்பளம் மட்டும் கயிற்றுக்காரருடையதாகவே நின்றது.

அவர் மனைவி தையல்காரி. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள்.

"ஓட்டுனதுக்கு ஓட்டுனர் சம்பளத்தக் கேளுங்க. கூச்சமா இருந்தா நான் வந்து கேக்கறேன்."

அவள் வந்தால் அலுவலகம் தாங்காது என்று அவரே மனு கொடுத்தார். ஓட்டுநராக நியமிக்கப்படாதவர் படகு ஓட்டியதாகக் கொள்ள முடியாது என்று மேலாளர் பதில் எழுதினார். கேப்டனுக்குக் கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. அப்படியானால் திங்கட்கிழமையிலிருந்து என் வேலையை மட்டும் பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மேலாளர் அதைப் படிக்கவேயில்லை.

திங்கட்கிழமை படகு நிறைந்துவிட்டது. கேப்டனோ சலவைச் சட்டையோடு கரையில் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். தலைமை அலுவலகத்து அதிகாரி அம்மாளும் அக்கரைக்குப் போகப் படகில் உட்கார்ந்திருந்ததால், மேலாளர் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்து ஓட்டச் சொன்னார்.

"நான் ஓட்டுனதே இல்லன்னு நீங்கதானே சார் எழுதுனீங்க? அப்படிப்பட்ட ஆளு கையில இத்தன பேரு உசுரக் குடுக்கலாமா?"

படகே குலுங்கிச் சிரித்தது. அதிகாரி அம்மாள் விஷயத்தைக் கேட்டறிந்து மேலாளரிடம் திரும்பினார்.

"அப்ப இத்தன வருஷமும் படகு தானாவா போச்சு?"

அந்த அம்மாள் அங்கேயே ஓட்டுநர் பொறுப்புக்கு உத்தரவு எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். பழைய பாக்கியையும் தாமே கவனிப்பதாகச் சொன்னார்.

"கிளம்பலாமா, கேப்டன்?"

பாக்கி வர ஒரு மழைக்காலம் பிடித்தது. ஆனால் முழுசாக வந்தது. தையல்காரி வீட்டில் மோட்டார் வைத்த புதுத் தையல் மெஷின் ஓடியது. மாற்று ஓட்டுநரும் வந்ததால் கேப்டனுக்கு முதல் தடவையாக விடுமுறை கிடைத்தது. மனைவி அவரைப் படகுக்கே இழுத்துப் போனாள். ஆற்று வளைவில் அவர் பதறி எழுந்து, இன்னும் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும் என்று முணுமுணுத்தார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. இன்னிக்கு நீங்க டிக்கெட் வாங்குன ஆளு."

உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார். இந்த ஆறு இத்தனை அழகா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.