வழியில் கரண்ட் எங்கே பிடித்தார்கள்?

எத்தனை சோப்பு போட்டாலும் போகாத மெஷின் ஆயில் வாசனை... தியேட்டர் இருட்டில் அது மெல்ல என் பக்கம் வந்துகொண்டிருந்தது. எனக்கு அடுத்து அண்ணி. அண்ணிக்கு அந்தப் பக்கம் தனசேகர், எனக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை.

எண்பதுகளின் தொடக்கம். அவர் பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சு மில்லில் ஃபிட்டர். வீடு அங்கேயே சாரம் என்கிற பகுதியில். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, பத்திரம் எழுதும் நொத்தேர் ஒருவரின் ஆபீசில் பிரெஞ்சு டைப்பிஸ்ட். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அண்ணி கூட வந்தால் ஒரு சினிமாவுக்குப் போகலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

தமிழ்ப் படத்துக்குக் கூட்டிப்போவார் என்று நினைத்தேன். அவர் எடுத்திருந்தது இங்கிலீஷ் படத்துக்கு டிக்கெட். வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பூமியைப் பிடிக்க வருகிற கதை.

இட்லிக் குண்டான் மூடி மாதிரி நூறு கப்பல்கள். நடுக்கடலில் இறங்கி, ஊர் ஊராக வந்து ஆட்களை அள்ளி ஏற்றிக்கொண்டன. பீரங்கியால் சுட்டும் ஒரு கீறல் விழவில்லை. அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கடைசி ஐந்து நிமிஷத்தில் கோட்டு போட்ட ஒருவர் டெலிபோனில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். பிறகு மின்சார நிலையத்துக்குப் போய், ஒரு பெரிய மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். ஊர் இருண்டது. நூறு கப்பலும் பொத்துப் பொத்தென்று விழுந்தன. படம் முடிந்துவிட்டது.

வெளியே வந்தும் தனசேகர் ஒரு வார்த்தை பேசவில்லை. பீச் ரோடு வரைக்கும் நடந்தோம். அண்ணி சுண்டல் வாங்கப் போனார். அவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நிச்சயம் முறிந்துபோன ஒரு பெண் ஆபீசில் என் பக்கத்து மேஜையிலேயே இருந்தாள். அவளிடமும் மாப்பிள்ளை இப்படித்தான் பேசாமலிருந்தாராம்...

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க."

"அவங்க வர்ற வழியில கரண்ட் எங்க புடிச்சாங்க?"

எனக்குப் புரியவில்லை.

"மெயின ஆஃப் பண்ணதும் எல்லாம் உழுந்துடுச்சில்ல. அப்ப நம்ம கரண்ட்லதான ஓடியிருக்கு. வானத்துல அவ்ளோ தூரம் எதுல ஓடுச்சி? மொதல்ல நடுக்கடல்ல எறங்கினாங்களே, அங்க ஏது போஸ்ட்டு?" என் முகத்தைப் பார்த்தார். "அந்தக் கோட்டுக்காரர் அதத்தான் சொல்லியிருப்பாரு. எனக்கு இங்கிலீஷ் வராது. நீங்க படிச்சவங்க..."

நான் படித்தது பிரெஞ்சு. கோட்டுக்காரர் பேசியதில் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் 'படிச்சவங்க' என்று அவர் சொன்ன பிறகு, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"சூரியன் வெளிச்சத்துலதான் ஓட்டிட்டு வந்தாங்களாம்" என்று ஆரம்பித்தேன். "இங்க மேகமா இருந்ததால வெளிச்சம் பத்தலையாம். கரைக்கு வந்து நம்ம கம்பியில இழுத்துக்கிட்டாங்களாம். அது நல்லா ஓடவும், பழைய மெஷினக் கழட்டிக் கடல்லயே போட்டுட்டாங்களாம்."

"ஓ... அப்ப சரி." அவர் முகம் தெளிந்தது. சுண்டல் வந்தது. என் பொட்டலத்தை அண்ணியிடமே கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், ஷிப்ட் முடிந்த கையோடு என் ஆபீசுக்கு வந்துவிட்டார். இங்கிலீஷ் தெரிந்த மில் கிளார்க் ஒருவரைக் கூட்டிக்கொண்டு படத்தை இன்னொரு தடவை பார்த்திருக்கிறார்.

"அந்தக் கோட்டுக்காரர் சூரியனப் பத்தி ஒரு வார்த்தையும் பேசலையாம்."

"பின்ன?"

"பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தாராம். வீட்டுக்கு லேட்டா வந்ததுக்கு."

டைப்ரைட்டர் மேலிருந்த என் விரல்கள் அப்படியே நின்றன. "எனக்கும் இங்கிலீஷ் வராதுங்க" என்றேன். "தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி. நானா சொன்னதுதான் அதெல்லாம். தப்புதான்."

"நீங்களே சொன்னதா? நின்ன எடத்துலயேவா?"

"ஆமா."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"பழைய மெஷின எதுக்கு கடல்ல போட்டாங்க? ஸ்பேரா வச்சிருக்கலாமே. மில்லுல நாங்க ஒரு போல்ட்டக்கூட தூக்கிப் போட மாட்டோம்."

அழுகை வந்திருக்க வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. "எடம் பத்தலங்க. அத்தன பேரைப் புடிச்சி ஏத்தியிருக்காங்கல்ல."

யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். எழுந்தவர் வாசலில் நின்று, "இனிமே தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க. நானும் அப்படியே சொல்றேன்" என்றார்.

கல்யாணம் நடந்தது. வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலத்தில், பிறகு டிவியில், எத்தனையோ படையெடுப்புகளை இரண்டு பேரும் பார்த்துவிட்டோம். நட்சத்திரம் தாண்டி வருகிற அறிவாளிகள் கடைசிப் பத்து நிமிஷத்தில் ஏன் இவ்வளவு முட்டாளாகிறார்கள்? தலைவன் கப்பல் விழுந்தால் மற்றதும் ஏன் விழ வேண்டும்? பேசிப் பேசி, ஒவ்வொரு படத்துக்கும் எங்களுக்கென்று ஒரு முடிவு செய்துகொள்வோம். நாங்கள் சண்டை போடுகிறோம் என்று பக்கத்து வீட்டில் நினைத்ததும் உண்டு.

மில் மூடிப் பல வருஷமாகிறது. தியேட்டர் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை. இப்போது படம் முடிகிற முன்பே, அதில் என்ன ஓட்டை என்று விளக்குகிற வீடியோவை மகன் போனில் காட்டிவிடுகிறான். நல்லாத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேள்வி நமக்கு வருவதற்குள் பதில் வந்துவிடுகிறது...

அந்த முதல் படத்தை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். பெயர் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. மெயின் சுவிட்சில் முடிகிற படம் எதிலும் கிடைக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் முடிந்ததா, நாங்கள் பேசியே மாற்றிவிட்டோமா, தெரியவில்லை.

உங்களில் யாராவது பார்த்திருந்தால் பெயரை மட்டும் சொல்லுங்கள். முடிவைச் சொல்ல வேண்டாம்.