பத்தரை மணிக்கு கோ-லைவ்

கம்பெனி ஆரம்பிக்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் வெற்றிக் கதை கேட்டு வருகிறார்கள். என் மீதே எனக்குக் கோபம் தீராத கதை ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அவிநாசி ரோட்டில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி ஒன்று. கேட்டில் இரண்டு எடை மேடைகள். உள்ளே வரும் லாரிக்கு ஒன்று, வெளியே போகும் லாரிக்கு ஒன்று. எடையைக் குறித்துச் சீட்டு அடித்துக் கொடுக்கும் சாஃப்ட்வேர் எங்களுடையது. ஓனர் ஜோசியரைப் பார்த்து நாள் குறித்துவிட்டார். புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு கோ-லைவ், அதாவது சாஃப்ட்வேர் நிஜமாக ஓட ஆரம்பிக்க வேண்டும். எங்கள் ஊரில் இது புதிதில்லை. சர்வருக்குச் சந்தனம் வைக்காமல் யாரும் என்டர் தட்ட மாட்டார்கள். அதில் எனக்குக் கோபமில்லை.

திங்கட்கிழமையே எங்கள் டெஸ்டர் பர்வீன் என் அறைக்கு வந்தாள்.

"சார், ரெண்டு மேடையிலயும் ஒரே நேரத்துல லாரி நின்னா, சில சமயம் எடை மாறி விழுதுங்க. ஒரு வாரம் குடுங்க, சரி பண்ணிரலாம்."

"முகூர்த்தம் குறிச்சாச்சு பர்வீன். தள்ளி வைங்கன்னு அவருகிட்ட நான் எப்படிச் சொல்றது? பாத்துக்கலாம்."

"மெயில்லயும் போட்டிருக்கேனுங்க" என்றாள். நான் அதைத் திறக்கக்கூட இல்லை.

புதன்கிழமை பூஜை முடிந்து கேசரி சாப்பிட்டோம். வியாழன் மதியம் ஓனர் போன் செய்தார்.

"ஏனுங்க, பில்லுல நாலு டன்னு, சீட்டுல ஆறு டன்னு. ரெண்டு டன் காஸ்டிங்கைத் திருடிப்போட்டுப் போகப் பாத்தானுங்க டிரைவரு. புடிச்சு உக்கார வச்சிருக்கோம். போலீசுக்குச் சொல்லட்டுங்களா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. போனிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இருங்க, வாரேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பர்வீனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

செக்யூரிட்டி அறையில் அந்த டிரைவர் சட்டை கிழிந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஓனர் என்னிடம், "உங்க சாஃப்ட்வேரு சரிதானுங்களே?" என்றார்.

"டெஸ்டிங்ல விட்டுட்டாங்கங்க. பொண்ணு புதுசு" என்றேன்.

மூன்று வருடமாக என்னிடம் வேலை பார்த்தவள் அவள். அந்த மெயிலைக் காட்டி அங்கேயே என் மானத்தை வாங்கியிருக்கலாம். அவளோ ஓனரைப் பார்த்து, "அண்ணன் திருடலைங்க. பக்கத்து லாரி எடை இவருக்கு விழுந்திருக்கு. மொதல்ல அவரை எந்திரிக்கச் சொல்லுங்க. லாரியைத் திரும்ப மேடையேத்திப் பாருங்க" என்றாள்.

ஏற்றினார்கள். நாலு டன்.

ஓனர் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "போயிட்டு வாங்க" என்றார், அவ்வளவுதான். அந்த 'ங்க' போட்ட மரியாதையைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியம்? நானும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் பர்வீன் என் காரில் ஏறவில்லை. "காந்திபுரம் பஸ்லயே போயிக்கறனுங்க" என்றாள். மறுநாள் ராஜினாமா வந்தது. கூடவே அந்தத் திங்கட்கிழமை மெயிலையும் இணைத்திருந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன். "தவறான சீட்டு வந்தால், மாட்டிக்கொள்ளப் போவது நாம் இல்லை, லாரி டிரைவர்" என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

இப்போதும் எங்கள் வாடிக்கையாளர்கள் நாள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். டெஸ்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஜோசியரிடமே போகலாம் என்பது எங்கள் கம்பெனி விதி. நல்ல விதி என்று என்னை எல்லோரும் பாராட்டுகிறார்கள். அது அந்தத் திங்கட்கிழமை பர்வீன் கேட்டதுதான். அவள் முன்பே எச்சரித்தாள், நான்தான் கேட்கவில்லை என்று அன்றைக்கு அந்த ஓனர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.